லண்டனில் ஏழு நாள்: பார்த்ததும் பகிர்ந்துகொள்ள வேண்டியதும்

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



போன ஜூன் மாதம் நானும் என் மனைவியும் முதல் தடவையாக லண்டன் போய் ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து நம் பூங்காவில் நடக்கும்போதெல்லாம் மூன்று கேள்விகள் வருகின்றன. டிராவல்ஸ் பேக்கேஜ் இல்லாமல் எப்படிப் போனீர்கள்? இந்த வயதில் அவ்வளவு நடக்க முடிந்ததா? அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? மூன்றுக்கும் இன்று பதில் சொல்கிறேன். கடைசியில் நம் பூங்காவைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல அனுமதி வேண்டும்.

முதலில் நடமாட்டம். எனக்கு 67 வயது. என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். இரண்டு மாடி ஏறினால் உட்கார வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு நகரத்தின் ஒரு பகுதி மட்டும் என்று முடிவு செய்துகொண்டோம். காலையில் ஓர் இடம், பிற்பகலில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. ஜூன் மாதத்தில் அங்கே ராத்திரி ஒன்பது மணி தாண்டித்தான் இருட்டுகிறது. அவசரமே இல்லை.

லண்டன் சுரங்க ரயில் 1863-ல் தொடங்கியது. அவ்வளவு பழையது என்பதால் பல ஸ்டேஷன்களில் படிகள் அதிகம், லிஃப்ட் கிடையாது. ஆனால் 2022-ல் திறந்த எலிசபெத் லைனில் எல்லா ஸ்டேஷன்களிலும் படி ஏறாமல் போகலாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்தே அது கிளம்புகிறது. அதனால் அந்த லைனை ஒட்டியே, பேடிங்டன் பக்கத்தில், சின்ன ஹோட்டல் பிடித்தோம். மற்றபடி மாடி பஸ்தான். மேல்தளத்தில் முன் சீட் கிடைத்தால் அதைவிட நல்ல சைட்-சீயிங் இல்லை.

டிக்கெட் வாங்க வேண்டாம். வங்கி கார்டைத் தட்டினால் போதும். நாள் முழுக்க எவ்வளவு சுற்றினாலும் ஒரு வரம்புக்கு மேல் பணம் எடுக்காது. ஒருவருக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டில் தம்பதி இருவரும் போக முடியாது. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். பயணக் காப்பீடு அவசியம் எடுங்கள். அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நம்மைப் போன்ற பயணிகளுக்கு இலவசம் இல்லை. மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

இனி பார்த்த இடங்கள்.

முதல் நாள் பஸ்ஸில் சுற்றி ஓய்வெடுத்தோம். இரண்டாம் நாள் பிரிட்டிஷ் மியூசியம். 1759-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. எகிப்து மம்மிகளைப் பார்க்கக் கூட்டம் முண்டுகிறது. நீங்கள் போனால் 33ஏ என்ற அறையைத் தேடிப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் அமராவதி ஸ்தூபத்தின் வெண்கற்கள். 1845-ல் வால்டர் எலியட் தோண்டியெடுத்து மெட்ராஸில் கொண்டுவந்து வைத்தவை. பிறகு கப்பலேறி லண்டன் போய்விட்டன. அதே ஸ்தூபத்தின் மற்ற கற்கள் நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. பத்து மணி நேரம் பறந்து போய்ப் பார்த்தவன் சொல்கிறேன், எழும்பூருக்குப் பேரப் பிள்ளைகளை இந்த மாதமே கூட்டிப் போங்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கோவென்ட் கார்டன். நம் கோயம்பேடு போல காய், பழம், பூ மொத்தச் சந்தையாக இருந்த இடம். 1974-ல் சந்தையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே, அந்த வட்டாரத்தின் பெரும்பகுதியை இடித்து அகலச் சாலைகளும் பெரிய கட்டடங்களும் கொண்டுவரத் திட்டம் போட்டிருந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் 1971-ல் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். 1973-ல் அரசு அங்கே 200-க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டியவை என்று பட்டியலில் சேர்த்தது. திட்டம் படுத்துவிட்டது. இன்று உலகமே வந்து உட்கார்ந்து காபி குடிக்கும் அந்த இடம், நம்மைப் போன்ற ஒரு சங்கத்தின் உழைப்பால் நிற்கிறது.

மூன்றாம் நாள் பார்த்ததை எந்த பேக்கேஜ் டூரிலும் காட்ட மாட்டார்கள். சோஹோ பகுதியில் பிராட்விக் தெருவில் ஓர் அடிபம்ப் நிற்கிறது. அதற்குக் கைப்பிடி இல்லை. 1854-ல் அந்தத் தெருவைச் சுற்றி காலரா வந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலம். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய், செத்தவர்கள் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலும் இந்த பம்ப் தண்ணீர். பக்கத்து மதுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் பீர் குடித்ததால் தப்பியிருந்தார்கள். அவர் அந்த வட்டாரக் கமிட்டியிடம் போய்ச் சொன்னார். அவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மறுநாளே, செப்டம்பர் 8-ம் தேதி, கைப்பிடியைக் கழற்றினார்கள். நோய் அதற்குள் குறையத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு ஆராய்ந்தபோது, பக்கத்து வீட்டுக் கழிவுத்தொட்டி கிணற்றுக்குள் கசிந்தது தெரிந்தது. போன மழையில் மூன்றாவது குறுக்குத் தெருவில் சம்ப்புத் தண்ணீர் நாறியதும், செயலாளர் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று அவர் செய்தது ஜான் ஸ்நோ செய்த வேலைதான்.

அன்று மாலை தேம்ஸ் நதிக்கரை. விக்டோரியா எம்பேங்க்மென்ட் என்ற அழகான சாலை, ஓரத்தில் பூங்கா. 1858 கோடையில் இந்த நதி சாக்கடையாகி நாற்றமெடுத்து, கரையிலேயே இருந்த பார்லிமென்டில் உட்கார முடியாமல் போனது. பிறகுதான் ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளருக்குப் பணம் கிடைத்தது. 130 கிலோமீட்டருக்கும் அதிகமான பெரிய கழிவுநீர்க் குழாய்களை அவர் கட்டினார். நாம் நடக்கும் கரைக்கு அடியிலும் அதில் ஒன்று போகிறது. பூங்காவுக்குள் ஒரு பழைய கல் வாசல் உண்டு. 1620-களில் படகில் வந்து இறங்குவதற்குக் கட்டியது. இப்போது அதிலிருந்து நதி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி ஓடுகிறது. அவ்வளவு தூரத்தை மண் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அதன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம்.

நான்காம் நாள் படகில் கிரீனிச். பூமியின் பூஜ்ஜியத் தீர்க்கரேகை அங்கேதான். வானாய்வுக் கூடத்தின் உச்சியில் ஒரு சிவப்புப் பந்து 1833-லிருந்து தினமும் பகல் ஒரு மணிக்குக் கீழே இறங்குகிறது. கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்வதற்காக வைத்தது. குன்று ஏற்றம் கொஞ்சம் உண்டு; மனைவி நடுவில் மூன்று பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டாள்.

ஐந்தாம் நாள் லண்டன் டவர். டிக்கெட் விலை அதிகம்தான், ஆனாலும் பார்க்க வேண்டியது. கோஹினூர் வைரம் பதித்த கிரீடம் அங்கே இருக்கிறது. கூட்டம் தேங்காமலிருக்க, நம்மை நகரும் பாதையில் நிற்க வைத்துக் கொண்டுபோகிறார்கள். திருப்பதி ஜருகண்டி ஞாபகம் வந்தது. பிறகு செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் போஸ்ட்மேன்ஸ் பார்க். நம் பூங்கா அளவுதான் இருக்கும். ஒரு சுவரில், பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மனிதர்களுக்கு ஓடுகளில் எழுதிய நினைவுக் குறிப்புகள். 1885-ல் எரியும் வீட்டிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றி இறந்த ஆலிஸ் ஏயர்ஸ் என்ற இளம்பெண்ணின் பெயர் அதில் இருக்கிறது. அன்று டவரில் பார்த்த கிரீடங்களைவிட இந்தச் சுவர்தான் என் மனதில் நின்றது.

ஆறாம் நாள் ஹாம்ஸ்டெட் ஹீத். நகரத்துக்குள்ளேயே காடும் புல்வெளியும் குளங்களுமாகக் கிடக்கும் பெரிய இடம். அதன் உரிமையாளர் ஒரு ஜமீன்தார். 1829-லிருந்து அங்கே வீடு கட்ட அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்த மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். அவர் காலம் முடிந்து, தம்பியின் கையிலிருந்து 1871-ல் அது பொதுச் சொத்தானது. நாற்பது வருஷப் போராட்டம். பார்லிமென்ட் ஹில் என்ற மேட்டில் ஏறினால் முழு லண்டனும் தெரிகிறது. அங்கிருந்து செயின்ட் பால்ஸ் கோபுரம் தெரிவதை மறைத்து உயரக் கட்டடம் எழுப்பக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

ஏழாம் நாள் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம். வெள்ளைச் சிப்பாயின் மேல் பாயும் திப்பு சுல்தானின் மரப்புலி அங்கேதான். மாலையில் எலிசபெத் லைனில் மேனர் பார்க் போய் முருகனைத் தரிசித்தோம். ஏழு நாள் சாண்ட்விச் தின்ற வாய்க்கு ஈஸ்ட் ஹாமில் தோசை கிடைத்தது.

இப்போது நம் விஷயம். ஏழு நாளும் என் மனைவியை நடக்க வைத்தவை மாத்திரைகள் அல்ல. உடைபடாத நடைபாதையும், பாதசாரியைக் கண்டதும் நிற்கும் வண்டிகளும், எங்கு திரும்பினாலும் பெஞ்சும்தான். பல பெஞ்சுகளில் சின்னத் தகடு இருக்கும்: இன்னாருக்கு இந்த இடம் பிடிக்கும், அவர் நினைவாக, என்று. ஊருக்கு வந்த மறுவாரமே இங்கே அவள் திரும்ப வீட்டோடு முடங்கிவிட்டாள். நம் முதல் தெருவில் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மரும் பைக்கும் நிற்கின்றன. அவளால் நிம்மதியாக நடக்க முடிகிற ஒரே இடம் இந்தப் பூங்கா.

அதன் கிழக்கு ஓரத்தைக் கார் நிறுத்துமிடமாக்கலாம் என்ற யோசனை வரும் பொதுக்குழுவுக்கு வருகிறது. கார் வைத்திருப்பவர்களின் கஷ்டம் நியாயமானது. நானும் கார் வைத்திருக்கிறேன், மழையில் தெரு ஓரம் நிறுத்தித்தான் நனைந்து வருகிறேன். ஆனால் அந்த இடம் மனைப்பிரிவு போட்டபோது ஓ.எஸ்.ஆர். நிலமாக மாநகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அதை மாற்ற நமக்கு உரிமை உண்டா என்று பத்திரத்தை வைத்து முதலில் பார்க்க வேண்டும். உரிமை இருந்தாலும்கூட வேண்டாம் என்பதே என் கருத்து. காருக்கு வேறு வழி யோசிக்கலாம். தெருவில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது, காலி மனைக்காரர்களிடம் வாடகைக்குக் கேட்பது என்று பேசிப் பார்க்கலாம். சிமென்ட் போட்ட மண் மறுபடி புல்வெளியாக நான் எங்கும் பார்த்ததில்லை.

நான் லண்டனில் ரசித்த இடங்களில் பாதி, யாரோ ஒரு தெருக்காரர்கள் கூட்டம் போட்டு, மனு எழுதி, வருஷக்கணக்கில் அலைந்து மிச்சம் வைத்தவை. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள். எதிர்க்கருத்து உள்ளவர்களும் வாருங்கள், பேசி முடிவெடுப்போம். பூங்கா அப்படியே இருக்கட்டும் என்று முடிவானால், கிழக்கு ஓரத்து வேப்பமரத்தடியில் இரண்டு பெஞ்ச் போடும் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். தகடு வேண்டாம், நிழல் போதும்.

லண்டன் போக நினைப்பவர்கள் விசா பாரம், ஹோட்டல் விவரம் எதுவானாலும் காலை ஆறரை மணிக்குப் பூங்காவில் என்னைப் பிடிக்கலாம்.