அனுபவம் யார் கையில்?



நம் தலைக்குள் இருக்கும் தொழிலறிவு பெரும் சொத்து. நமக்கு முன்பே முதலாளிகள் இதை அறிந்துகொண்டார்கள்.

அமெரிக்க இன்ஜினீயர் டெய்லர் 1911-ல் ஒரு நூல் வெளியிட்டார். தொழிலாளர்களின் கூட்டு அறிவுக்கு முன் மேஸ்திரிகளின் அறிவு குறைவு என்று அதில் ஒப்புக்கொண்டார். அந்த அறிவைத் திரட்டி, விதிகளாக எழுதி, நிர்வாகத்தின் கையில் வைக்க வேண்டும் என்றார். கடிகாரம் பிடித்து ஒவ்வொரு அசைவையும் அளந்தார்கள்.

பலன் யாருக்கு? டெய்லர் தந்த கணக்கையே பாருங்கள். பெத்லகேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்கு 12½ டன் இரும்பு சுமந்தவர் 47 டன் சுமந்தார். கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராகத்தான் உயர்ந்தது!

1914-ல் லெனின் இம்முறையை, மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குவது என்று கண்டித்தார். 1918-ல், ஆட்சி தொழிலாளர் கைக்கு வந்தபின், அதிலுள்ள பயனுள்ளதைக் கற்கச் சொன்னார். அறிவைத் திரட்டுவது குற்றமல்ல. அது யார் கையில் சேருகிறது என்பதே கேள்வி.

நம் சங்கங்களைப் பார்ப்போம். பஞ்சப்படிக் கணக்கு ஒரு தோழருக்குத்தான் தெரியும். பழைய ஒப்பந்தத்தின் ஷரத்துக்கள் இன்னொருவர் நினைவில் மட்டும் இருக்கின்றன. அறுவடைக்கு என்ன கூலி பேசி முடித்தோம் என்பதை ஊரில் ஒரு பெரியவர்தான் சொல்வார். அவர் மறைந்தால்? முதலாளியிடம் பைல் இருக்கிறது, நம்மிடம் ஒன்றுமில்லை. இக்குறை நம்முடையதே.

ஆகவே, ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். மூத்த தோழர் சொல்ல, இளைஞர் எழுதட்டும். பேச்சுவார்த்தைக்குப் போகும்போதெல்லாம் ஒரு புதிய தோழரை உடன் அழைத்துச் செல்வோம். ஏட்டில் ஏறாததைக் கூட இருந்துதான் கற்க முடியும்.

அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாமும் எழுதி வைப்போம்!