பேசாத குழந்தையும் பெற்றோர் தவமும்

திருச்சிற்றம்பலம்



கந்தர் சட்டிப் பெருவிழாவின் ஐந்தாம் நாளாகிய இன்று குமரகுருபர அடிகளின் வரலாற்றைச் சொல்லுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். அவ்வரலாறு உங்களுக்குப் புதியதன்று. 17ஆம் நூற்றாண்டில், தாமிரபரணிக் கரையிலுள்ள திருவைகுண்டத்தில், சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகவாகத் தோன்றி, ஐந்தாண்டு நிரம்பும்வரை வாய் பேசாதிருந்து, செந்திலாண்டவன் சந்நிதியில் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பாவை அருளிச்செய்தவர் அப்பெருமான். மதுரையிலே பிள்ளைத்தமிழ் அரங்கேறியதும், தருமபுரத்திலே ஞானாசிரியரை அடைந்ததும், காசியிலே மடம் கண்டதும் பிறிதொரு நாள் விரித்துரைக்கத்தக்கன. இன்று நான் நின்று பேச விரும்புவது அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி.

வரலாறு சொல்வோர் அவ்வைந்து ஆண்டுகளை ஒரே தொடரில் கடந்துவிடுகிறோம். பெற்றவர்களுக்கு அவை அவ்வளவு விரைவாகக் கடந்திரா. கவிராயர் என்னும் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். சொல்லையே செல்வமாகக் கொண்ட குடி அது. மாணாக்கர் வந்து பாடங்கேட்கும் திண்ணையிலே, அம்மா என்றொரு சொல் பிறவாத குழந்தை அமர்ந்திருக்கிறது. ஊரார் என்ன சொன்னார்கள் என்பதை வரலாறு கூறவில்லை. ஆயினும், இன்று நம் தெருக்களில் சொல்வதையே அன்றும் சொல்லியிருப்பார்கள் என்று கருதுகிறேன். "எந்தப் பிறவியில் செய்த பாவமோ!" என்பதுதான் அது.

வினைக் கொள்கை நம் சித்தாந்தத்தின் தூண்களுள் ஒன்று. அதனை மறுப்பார் யாருமில்லை. ஆனால் அதைக் கையிலெடுத்துப் பிறர்மேல் எறிவதற்குச் சித்தாந்தம் யாருக்கு உரிமை தந்தது? சஞ்சிதம் இன்னது, பிராரத்தம் இன்னது என்று ஓருயிரின் கணக்கை அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. உயிர் தன் வினையையும் தான் அறியாது; அடுத்த வீட்டுக் குழந்தையின் வினையை இவர் எவ்வாறு அறிந்தார்? மேலும், தாய் செய்த வினையைச் சேய் நுகரும் என்று கணக்கை மாற்றி எழுதுவதற்கும் நம் நூல்களில் இடமில்லை. ஒவ்வோருயிர்க்கும் தன் வினையே உரியது. ஒன்று மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம். குழந்தையைத் தோளிற் சுமந்து நிற்கும் தாயின் முகத்துக்கு நேரே அவர் கூறும் அச்சொல் இருக்கிறதே, அது அவருக்கு ஆகாமியமாய் ஏறுகிறது.

தனுவும் கரணமும் உயிர்க்கு இறைவன் கூட்டிய கருவிகள். கருவி குறைபடலாம், உயிர் குறைபட்டதாகாது. திரியில் பழுதிருப்பதால் சுடர் மங்கி எரிகிற விளக்கைக் கண்டு, நெருப்பே இழிந்தது என்பாருண்டோ? கருவி பழுதாவதற்கு உலகியலிலே மருத்துவர் காரணம் காட்டுகின்றனர். பிறக்கும்போது மூச்சுக்காற்றுத் தடைப்பட்டு மூளை தாக்குண்டால் கைகால் முடங்குகிறது. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா என்னும் அம்மை கண்டால் குழந்தையின் செவி கெடக்கூடும். ஆட்டிசம் என்று சொல்லுகின்ற நிலை தாயின் வளர்ப்புக் குறையால் வருவதன்று என்று இன்று தெளிவாகிவிட்டது. முன்னொரு காலத்தில் மேனாட்டுக் கற்றோரும் தாயையே பழித்தனர் என்பதைப் படித்தபோது, பழி சுமத்துவதில் எந்த நாடும் பின்தங்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

இனி, சொல்லக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கவிராயர் தம்பதியர் செந்தூரில் 48 நாள் நோன்பிருந்தனர், குழந்தை பேசிற்று. அவ்வாறே கடலாடி, மண்டலம் நோற்று, இலை விபூதியைக் குழந்தையின் நாவிலிட்டும், பேசாத குழந்தையையே தூக்கிக்கொண்டு திரும்பியவர்கள் எத்தனையோ பேர் உளர். அவர்கள் அன்பு குறைந்தவர்களா? அல்லர். அவர்கள் வேண்டுதல் முருகன் செவியில் விழவில்லையா? அதுவும் அன்று. சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை நினைமின். திருவொற்றியூரிலே கண்ணொளி இழந்த தம்பிரான் தோழருக்குத் திருவெண்பாக்கத்திலே பெருமான் கொடுத்தது கண் அன்று, ஊன்றுகோல். கச்சியிலே ஒரு கண். ஆரூரிலேதான் மற்றொரு கண். தோழருக்கே முதலிற் கோல்தான் கிடைத்தது! கண் கொடுப்பது அருளென்றால், நடக்கும் வழிக்குக் கோல் கொடுப்பதும் அருளே. கோலாய் நிற்கும் வேலையை அவன் பெரும்பாலும் நம்மிடம் விட்டிருக்கிறான்.

தண்டியடிகளைப் பாருங்கள். பிறவியிலேயே கண்ணில்லாதவர். கமலாலயக் குளத்தைத் தூர்வாரத் துணிந்தார். குளத்தினுள்ளே ஒரு தறி, கரையிலே ஒரு தறி, இடையே ஒரு கயிறு. அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவே. எள்ளியவர்கள் என்ன செய்தனர்? கண்ணோடு செவியும் இழந்தனையோ என்று கேட்டனர். தறியையும் கயிற்றையும் பறித்தனர். அக்காலச் சமயப் பூசலை இங்கே ஒதுக்கி வைப்போம். இன்று சிவசின்னம் தரித்துக்கொண்டே கயிறு பறிப்பவர் நம்மிடையே உண்டு. சக்கர நாற்காலி உள்ளே வரலாகாது என்பவரும், அந்தப் பிள்ளை கத்துகிறது, வெளியே கொண்டு போ என்பவரும் வேறென்ன செய்கின்றனர்?

செந்தூருக்குப் போங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன் அரசு மருத்துவமனையில் குழந்தையின் செவியையும் சோதித்துப் பாருங்கள். பேசாத குழந்தைகளுட் பலர் கேளாத குழந்தைகள். உரிய வயதிலே கண்டால் கேட்கும் கருவியும், காதினுள் பொருத்தும் கருவியும், பேச்சுப் பயிற்சியும் பெரிதும் உதவுகின்றன. கவிராயர் காலத்தில் ஐந்தாண்டு காத்திருப்பதன்றி வேறு வழியில்லை, நமக்கு அவ்வாறன்று.

சில ஆண்டுகளுக்கு முன், இதுபோன்ற விரிவுரை முடிந்தபின், பதினைந்து வயது மதிக்கத்தக்க மகனைக் கைப்பிடித்து வந்த அம்மையார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சாமி, எனக்கு ஒரு நாள் முன்னாலே இவன் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தப்பா?" பெற்ற வயிறு அவ்வாறு வேண்டுமளவுக்கு அவரைத் தனியே விட்டது நம் ஊர். அந்தப் பிள்ளைக்கு வந்த குறை ஊரின் செயலன்று. அந்த வேண்டுதலுக்கு மட்டும் ஊர் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

எங்களுக்குப் பின் யார் என்னும் அக்கேள்விக்கு நாடு ஒரு விடையைத் தேட முயன்றிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவு வளர்ச்சிக் குறை, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பன்முகக் குறைபாடு உடையவர்க்கு 18 வயதுக்குப்பின் சட்டப்படியான பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நியமிக்கலாம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் கொண்டு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியையும் உரிமையாக்கியுள்ளது. இவற்றை அறியாத பெற்றோர் பலர். படிவம் நிரப்பத் தெரிந்த அன்பர் ஒருவர் ஒரு நாள் ஊதியத்தை விட்டு, அவர்களோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தால், அது கிரிவலத்துக்குக் குறைந்ததென்று நான் நினைக்கவில்லை.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடி, பாலசுப்பிரமணியர் கோயில் கொண்ட ஊர். 1975இல் விபத்தினால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த இளைஞர் இராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தம் கையால் ஒரு கவளம் எடுத்துண்ண இயலாதவர், பிறர் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பயிற்சியும் அமைத்தார். கைகால் வழங்கும் நாம் அவ்வூரைக் கடந்து குற்றாலத்துக்குப் போகிறோம். ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

நாளை சூரசங்காரம். தவிலும் வெடியும் கூட்ட நெருக்கமும் சில குழந்தைகளுக்கு அடி விழுவது போலத் துன்பமாகும். அவர்கள் அலறுவது அடங்காமையால் அன்று. ஆகையால் வடக்குப் பிரகாரத்தின் மடப்பள்ளிப் பக்கத்தை இக்குடும்பங்களுக்கென்று ஒதுக்குமாறு தக்கார் அவர்களிடம் கேட்டிருக்கிறேன், இசைந்துள்ளார். அங்கே ஒலிபெருக்கி கட்டப்படாது. நாற்காலி ஏறப் பலகைச் சரிவு ஒன்று தேவை. தச்சு வேலை அறிந்த அன்பர்கள் இருவர் இன்றிரவு தங்கினால் போதும். பலகை வாகன மண்டபத்தில் கிடக்கிறது.

திருச்சிற்றம்பலம்