தேர்தலுக்கு வரும் ஆட்டோ ஞாயிற்றுக்கிழமையும் வரட்டும்

(திருநெல்வேலிச் சீமையின் திருச்சபைச் சேகரம் ஒன்றில், முதியோர் ஞாயிறன்று மாலை நடந்த சபையார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று காலை ஆராதனையில் எழுபது வயதைத் தாண்டியவர்களை வரிசையாக நிறுத்திச் சால்வை போட்டோம். ஆளுக்கொரு பழப்பை கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். ஆராதனை முடியும் முன்னே அது சபை வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையில் வந்து நிற்க முடியாதவர்களைப் பற்றி யாராவது கேட்டோமா? ஆலய மணிச் சத்தம் காதில் விழும் தூரத்தில், கட்டிலிலும் திண்ணையிலும் கிடக்கிற நம் சபையார் எத்தனை பேர்? அவர்களுக்குச் சால்வையை யார் கையிலாவது கொடுத்து அனுப்பியிருப்போம். நாம் போனோமா?

சபைத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஒரு சபையைக் குறித்துச் சொல்லவில்லை, ஊர் ஊராக நடப்பதைச் சொல்கிறேன். விடிந்ததும் தெருமுனையில் ஆட்டோ வந்து நிற்கிறது. இந்த அணிக்கு ஒன்று, அந்த அணிக்கு ஒன்று. நடக்க முடியாத பாட்டியை நாற்காலியோடு தூக்கி வருகிறார்கள். கண் தெரியாத தாத்தாவைத் தோளைப் பிடித்துக் கூட்டி வருகிறார்கள். ‘சாப்பிட்டியளா பாட்டி’ என்று விசாரிக்க அன்றைக்கு ஆள் இருக்கிறது. சீட்டு பெட்டியில் விழுந்த பிறகு, அடுத்த ஞாயிறு அந்த ஆட்டோ எங்கே போய்விடுகிறது? ஓட்டுப்போடத் தூக்கிவர நான்கு பேர் கிடைக்கிற சபையில், திருவிருந்துக்குத் தூக்கிவர ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்றால், ஆளில்லை என்று சொல்லாதீர்கள். மனமில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். வயதானவர்களுக்குச் சபை செய்ய வேண்டியது தருமமல்ல. அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற சபையார். ஐக்கியமும் திருவிருந்தும் ஊழியமும் அவர்கள் உரிமை. கால் ஓய்ந்த நாளில் அந்த உரிமை காலாவதியாவதில்லை. நாம் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒருநாள் சால்வையாகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

இது சிறுபான்மைப் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 10 பேர். மத்திய அரசின் மதிப்பீட்டின்படி 2021-இல் 13.6 விழுக்காடு. 2031-இல் 18.2 விழுக்காடு ஆகப்போகிறது. இது மாநிலத்தின் கணக்கு. நம் தெருக்களின் கணக்கு இதைவிடக் கனமானது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். அங்கிருந்து துபாய்க்கும் கனடாவுக்கும் போனார்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசன விருந்துக்கும் வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறார்கள். மிச்ச நாளெல்லாம் இந்தச் சபையைத் தாங்குகிறவர்கள் யார்? சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் பெஞ்சுகளைப் பாருங்கள். நரைத்த தலைகள்தான் இந்தச் சபை. நாமோ அவர்களைச் சபையின் ஓரத்தில் இருக்கிறவர்களாக எண்ணித் திட்டம் போடுகிறோம்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். எருசலேம் சபையில் எழுந்த முறுமுறுப்பு எதைப் பற்றியது? உபதேசத்தைப் பற்றியதா, பதவியைப் பற்றியதா? அன்றாடப் பந்தி விசாரிப்பில் ஒரு சாராருடைய விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்பதைப் பற்றியது. அப்போஸ்தலர்கள் அதற்காக முதியோர் ஞாயிறு ஒன்றை அறிவித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகவில்லை. சபையைக் கூட்டினார்கள். ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயரும் இன்றுவரை வேதத்தில் நிற்கிறது. முதல் பெயர் ஸ்தேவான், முதல் இரத்தசாட்சி. பொறுப்பு என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பது அன்றே தெளிவான விஷயம். நம்மிடம் சங்கங்கள் இருக்கின்றன, கமிட்டிகள் இருக்கின்றன. வடக்குத் தெருவில் படுக்கையில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இருக்கிறதா?

‘பெற்றோரைப் பார்க்க வேண்டியது பிள்ளைகள்தானே, சபை ஏன் தலையிட வேண்டும்’ என்று கேட்பவர்கள் உண்டு. முதல் தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்தையும் காட்டுவார்கள். சரி, அந்த அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றிப் பவுல் எவ்வளவு கடுமையாக எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தீர்களா? படித்துவிட்டு, எந்த மகனிடமாவது போய்க் கேட்டீர்களா? கேட்க மாட்டோம். ஏனென்றால் அந்த மகன்தான் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கப் பணம் அனுப்பியவர். பண்டிகை மேடையில் முதல் மாலை அவருக்கு. கல்வெட்டில் முதல் பெயர் அவருக்கு. அவருடைய தாயார் ரேஷன் அரிசியைப் பொங்கித் தண்ணீர் ஊற்றி வைத்து இரண்டு வேளை சாப்பிடுகிறார். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இதைத்தான் பிடித்துக் கேட்டார். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டுக் கைகழுவுகிறவனையும், அதற்கு வழிகாட்டிய மதத் தலைவர்களையும் ஒன்றாக நிறுத்திக் கண்டித்தார். ஐந்தாம் கற்பனையை மீறி வருகிற காணிக்கை ஆலயத்துக்கு வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் நம் சபைக்கு வர வேண்டும். கோபுரம் ஒரு வருஷம் வர்ணமில்லாமல் இருக்கட்டும்.

தலையிடுவதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த வீட்டை, கவனிக்காமல் விட்டால் ரத்து செய்ய அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 14567 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் முதியோர் உதவிக்கு வழி சொல்கிறார்கள். இதெல்லாம் எழுபத்தைந்து வயதுத் தாய்க்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் சொந்த மகன்மேல் மனு எழுத அவருக்குக் கை வருமா? சபையில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஓய்வு பெற்ற தாசில்தார்கள் இருக்கிறீர்கள். அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் மகனோடு பேசுங்கள். கேட்காவிட்டால் மனுவை எழுதிக் கொடுத்துக் கூடவே போங்கள். அதுவும் ஊழியம்தான்.

வயிற்றுப்பாட்டோடு முடிந்துவிடும் காரியமுமல்ல இது. படுக்கையில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பல வருஷம் ஆலயத்தில் பாட்டு எடுத்துக் கொடுத்தவர். என்ன கிழமை என்று அவருக்குத் தெரியவில்லை. என்னையும் அடையாளம் தெரியவில்லை. தலைமாட்டில் அட்டை கிழிந்து நூல் தொங்கும் பாமாலைப் புத்தகம். அதைத் திறக்காமலே ஒரு பாட்டின் எண்ணை மட்டும் சொன்னேன். கண்ணை மூடியபடி முதல் வரியிலிருந்து கடைசிச் சரணம் வரை ராகம் பிசகாமல் பாடினார். பாடி முடித்ததும், “இப்பம் பாமாலை யாரு எடுக்கா?” என்று கேட்டார். மறதி நோய் வந்தவர்களுக்கும் இளமையில் பாடிப் பழகிய பாட்டு நெடுநாள் நிலைத்திருக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். நாம் திரையில் வரிகளை ஓடவிடத் தொடங்கியபின் எண் சொல்லும் வழக்கத்தையே விட்டுவிட்டோம். புதுப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடுங்கள், தாளம் போடுங்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் எண்ணைச் சொல்லி இரண்டு பாமாலை, ஒரு கீர்த்தனை பாடுங்கள். அவர்களுடைய ஜெபமொழியை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அடக்கம் செய்துவிடாதீர்கள்.

பிரசங்கபீடத்திலிருந்து அவர்கள் கேட்பது என்ன? புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் தொடங்கி வருஷம் முழுக்க வேலை கிடைக்கும், விசா கிடைக்கும், வீடு கட்டுவாய் என்ற செய்திதான். எண்பது வயதில் ஒருவர் மனதில் ஓடுவது வேறு. தம்பியோடு வரப்புச் சண்டையில் பேச்சு நின்று முப்பது வருஷம் ஆகிறது, சாகும்முன் பேசிவிட முடியுமா? தனக்கு முன்னே போய்விட்ட மகளைத் தேவன் ஏன் எடுத்துக்கொண்டார்? இரவில் தூக்கம் வராதபோது பயம் வருகிறதே, அது அவிசுவாசமா? இவற்றையெல்லாம் யாரிடம் கேட்பார்? வீடு சந்திக்கப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். உட்கார்ந்து பேச்சைக் கேட்பதுதான் அங்கே ஊழியம். ஒரு மணி நேரம் கேளுங்கள், அதன் பிறகு ஜெபியுங்கள்.

திருவிருந்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற சபைப் பிதா ரோமாபுரியில் எழுதி வைத்திருக்கிறார்: ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துப் போவார்களாம். துன்புறுத்தலின் நடுவே, ஒளிந்து ஒளிந்து கூடிய சபை அது. தெருவுக்குத் தெரு பைக் இருக்கிற நமக்கு, வராதவரின் வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுபோக வருஷத்தில் இரண்டு நாள்தான் தோதுப்படுகிறது.

வயதானவர்களுக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் வேறொன்று இருக்கிறது. அவர்களிடமிருந்து வேலையைப் பறிக்கிறோம். ‘நீங்க உட்காருங்க தாத்தா, நாங்க பாத்துக்கிடுதோம்’ என்று அன்பாகச் சொல்லியே பறிக்கிறோம். இந்தச் சீமையின் வரலாறு அப்படியா? இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது 1894-இல். அப்போது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு வயது 67. சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு. போப், திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டது 1900-இல், தமது 80-ஆம் வயதில். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேதான் இருந்தார். அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்கும் ஊழியருக்கும் தாயாக இருந்தார். தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டு எல்லாரிடமும் அறிவித்த அன்னாளுக்கு வயது 84 என்கிறார் லூக்கா. படுக்கையில் இருப்பவருக்கு ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுங்கள், அவர் உங்கள் சபையைத் தாங்குவார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை அவர் வீட்டு முற்றத்துக்குக் கூட்டிப் போங்கள். இந்த ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்கள் யார், பஞ்சத்தில் பிடியரிசி சேர்த்தவர்கள் யார் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்.

கட்டடத்துக்கும் வருகிறேன். வாசலில் ஆறு படி, கைப்பிடி இல்லை. கழிப்பறையோ பின்பக்கம், குத்தவைத்து உட்காரும் வகை. ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டினால் காது மந்தமானவருக்குக் கேட்டுவிடும் என்று நினைக்கிறோம். சத்தம் கூடினால் எதிரொலியும் கூடும், சொல் கலங்கும். சத்தத்தைக் குறைத்து, மைக்கை வாயருகே வைத்து, நிறுத்தி வாசித்தால் கேட்கும். இதற்குக் காசுகூட வேண்டாம். சாய்தளத்துக்கும் கைப்பிடிக்கும் பணம் இல்லை என்கிறார் பொருளாளர். பண்டிகை வாணவேடிக்கைக்கும் சீரியல் விளக்குக்கும் இருந்ததே! ஒரு வருஷ வாணவேடிக்கையை நிறுத்துங்கள், படியருகே சாய்தளம் எழும்பிவிடும்.

பேசிவிட்டுக் கலைய நான் வரவில்லை. இந்தக் கூட்டத்தின் முன் ஐந்து தீர்மானங்களை வைக்கிறேன்.

ஒன்று: ஆலயத்துக்கு வர முடியாத ஒவ்வொருவர் பெயரும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருவர் பெயர் இருக்க வேண்டும். ஒருவர் பெரியவர், இன்னொருவர் திடப்படுத்தல் வகுப்பில் படிக்கும் பிள்ளை. வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து போக வேண்டும். போனார்களா என்று சேகரக் கமிட்டி மாதாமாதம் கேட்க வேண்டும்.

இரண்டு: மாதத்தின் முதல் வாரத்தில் வீட்டுத் திருவிருந்து. பண்டிகைக்குப் பண்டிகை என்ற பேச்சே கூடாது.

மூன்று: தேர்தலுக்கு ஆட்டோ அனுப்பிய இரு அணியினரும் ஞாயிறுதோறும் முறைவைத்து ஆட்டோ அனுப்ப வேண்டும். அனுப்பாதவர் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

நான்கு: அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன் சாய்தளம், கைப்பிடி, உட்கார்ந்தெழ வசதியான கழிப்பறை.

ஐந்து: பெற்றோரைக் கைவிட்டவரிடம் சபை பெரிய நன்கொடை வாங்கக் கூடாது, மேடையில் மாலை போடவும் கூடாது.

ஐந்தாவதில்தான் சலசலப்பு கேட்கிறது. கேட்கட்டும். மற்ற நான்கும் உழைப்பைக் கேட்கின்றன. ஐந்தாவது, நம் சபை யாருக்குப் பயப்படுகிறது என்பதைக் கேட்கிறது. ஆண்டவருக்குப் பயந்தால் இதையும் சேர்த்து நிறைவேற்றுங்கள். பணக்காரருக்குப் பயந்தால் நிராகரியுங்கள். ஆனால் நிராகரித்தவர்கள் பெயரும் இன்றைய நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு வயதாகிப் படுக்கையில் விழப்போகிறவர்கள் நாம்தான் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. இன்றைக்குப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு இது சேர வேண்டியது என்பதற்காகவே கேட்கிறேன். தலைவர் அவர்களே, தீர்மானங்களை ஓட்டுக்கு விடுங்கள். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தட்டும். உயர்த்திய கையோடு பதிவேட்டு மேசைக்கு வந்து, யார் வீட்டுக்குப் போகப்போகிறார் என்பதையும் எழுதிவிட்டுப் போகட்டும்.