நன்றி நாளில் பந்தியும் பாட்டும்



நம் கூட்டங்களில் நன்றியுரைக்கு வாய்த்திருக்கும் இடம் யாவரும் அறிந்ததே. நிகழ்ச்சி நிரலில் அது கடைசி வரி. அது தொடங்கும்போது அவையில் பாதி செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்; மறுபாதி கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டிருக்கும். இவ்வாறு கடைசிக்குத் தள்ளப்பட்ட நன்றிக்கென்று ஆண்டில் ஒரு முழு நாளையே ஒதுக்கியுள்ளது ஒரு நாடு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமை ‘தேங்க்ஸ்கிவிங்’ என்னும் நன்றி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் அந்த நாளுக்கு என்ன வேலை என்ற வினா எழலாம். எழுத்தால் உருவான பண்டிகை அது. ஒரு புதினம், ஒரு பத்திரிகை, ஒரு சிறுவர் பாட்டு, ஓர் ஆய்வு நூலின் அடிக்குறிப்பு ஆகியவை சேர்ந்து அதை உருவாக்கின. எழுத்து ஒன்றை உருவாக்கும்போது யாரை விட்டுவிடுகிறது என்பதற்கும் அந்த நாளே சான்று. ஆதலின் அது கவிஞர்களின் கவனத்துக்குரியது.

முதலில் பந்தியைப் பார்ப்போம். நன்றி நாளுக்கு முந்தைய நாளில் அந்நாட்டின் நெடுஞ்சாலைகளும் விமான நிலையங்களும் பொங்கலுக்கு முந்தைய நாளில் நம் பேருந்து நிலையங்கள் காணும் காட்சியைக் காணும். தொலைவில் பணிபுரியும் மக்களும் கல்லூரியில் பயிலும் பிள்ளைகளும் பெற்றோர் வீட்டுக்குத் திரும்புகின்றனர். காலையில் நியூயார்க்கு நகரில் மேசி நிறுவனம் 1924 முதல் நடத்திவரும் ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் காண்பதும், பிற்பகலில் கால்பந்து எனப் பெயர்பூண்டு பெரும்பாலும் கையாலேயே ஆடப்படும் அவர்களுடைய ஆட்டத்தைக் காண்பதும் வழக்கம். சமையலறையில் வான்கோழி ஒன்று முழுதாக அடுப்பினுள் மூன்று நான்கு மணி நேரம் வேகும். ரொட்டித் துண்டுகளும் வெங்காயமும் மணத் தழைகளும் கலந்த பூரணம் அதனுடன் சேரும். மசித்த உருளைக்கிழங்கு, இறைச்சிச் சாற்றுக் குழம்பு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கிரான்பெரி என்னும் புளிப்புச் செங்கனியில் காய்ச்சிய துவையல், இறுதியில் பரங்கிக்காய்ப் ‘பை’. இது நம் துணிப்பை அன்று. மசித்த பரங்கியோடு முட்டை, பால், சர்க்கரை, பட்டை, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றைக் கலந்து, மாவினால் செய்த கிண்ணத்தில் ஊற்றிச் சுட்டெடுக்கும் பலகாரம். பட்டையும் கிராம்பும் சாதிக்காயும் கீழைக்கடல் நாடுகள் தந்தவை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

பெரியோர்க்கு ஒரு மேசை, சிறுவர்க்கு ஒரு தனி மேசை. சிறுவர் மேசையிலிருந்து பெரிய மேசைக்கு அழைக்கப்படும் ஆண்டு ஒவ்வொரு பிள்ளையின் வாழ்விலும் மறக்க முடியாத ஆண்டு. உண்ணுமுன் ஒவ்வொருவரும் தாம் எதற்கு நன்றியுடையவர் என்று ஒரு வாக்கியம் சொல்லும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. வான்கோழியின் நெஞ்சருகே இருக்கும் கவை எலும்பை உலர்த்தி இருவர் இருபுறமும் பற்றி இழுப்பர். பெரிய துண்டு யார் கையில் நிற்கிறதோ அவர் நினைத்தது நடக்கும் என்பர். எஞ்சிய இறைச்சியை ரொட்டிக்கிடையே வைத்து இரண்டு மூன்று நாள் உண்பதும் மரபே. பண்டிகைக்கு மறுநாள் சுண்டவைத்த குழம்பின் சுவை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்பந்தியில் உள்ள பொருள்களின் பெயர்களைச் சற்று உரசிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். வான்கோழி அமெரிக்க மண்ணின் பறவை. ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரை இட்டனர். துருக்கியர் அதை ‘ஹிந்தி’ என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் ‘இந்தியாவினது’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். போர்த்துக்கீசியர் ‘பெரு’ என்றனர். அதற்கு உரிய ஊரை எவரும் சொல்லவில்லை. நம் மூதுரையில் மயிலைப் பார்த்துத் தன் சிறகை விரிக்கும் வான்கோழியை நாம் அறிவோம். 1492-க்கு முன் இப்பறவை இங்கு வந்திருக்க இயலாது. ஆதலின் ஒன்று, அச்செய்யுள் காலத்தால் பிற்பட்டதாதல் வேண்டும். அன்றேல், அப்பெயர் வேறொரு பறவையினின்று இதற்கு மாறியதாதல் வேண்டும். காலவாராய்ச்சியில் ஈடுபடுவோர் ஒரு கோழியையும் புறக்கணித்தல் ஆகாது.

பரங்கிக்காயின் செய்தி இதனினும் நெருக்கமானது. ‘பரங்கி’ என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல். காயைக் கொண்டுவந்த கப்பல்காரனின் பெயர் காய்க்கு நின்றுவிட்டது. அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிட்டுப் பக்குவப்படுத்திய அமெரிக்கப் பழங்குடிகளின் பெயர் எங்கும் இல்லை. மார்கழி வாசலில் சாண உருண்டையின்மேல் நாம் சூட்டுவது பரங்கிப்பூ. பொங்கல் குழம்பில் நாம் இடுவது பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். அதற்கு உறைப்பூட்டுவது மிளகாய். மூன்றும் அம்மண்ணின் மக்கள் பயிராக்கி உலகுக்கு வழங்கியவை. பொங்கல் நாளில் கதிரவனுக்கும் காளைக்கும் நன்றி சொல்லும் நம் பந்தியும், நவம்பரில் நன்றி சொல்லும் அவர்கள் பந்தியும் ஒரே உழவர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1620-ஆம் ஆண்டின் இறுதியில் ‘மேபிளவர்’ கப்பலில் மாசசூசெட்சுக் கரைக்கு வந்த பயணிகள் 102 பேர். முதல் பனிக்காலத்திலேயே ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். கரையிறங்கிய தொடக்க நாள்களில் மண்ணில் புதைத்து வைக்கப்பட்டிருந்த மக்காச்சோளத்தைத் தோண்டி எடுத்ததையும், அதுவே தங்களுக்கு விதையானதையும் அவர்களே எழுதி வைத்துள்ளனர். பின்னர் அதற்கு ஈடு செய்ததாகவும் அவர்கள் எழுத்தே கூறுகிறது. அந்த விதையை அம்மண்ணில் எப்படி ஊன்றுவது, மீனை எருவாக இடுவது எவ்வாறு என்று கற்பித்தவர் திசுக்குவாண்டம் என்னும் பழங்குடியினர். 1614-இல் ஓர் ஆங்கிலக் கப்பல்காரனால் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்பனைக்கு வைக்கப்பட்டவர். இலண்டன் வழியே 1619-இல் ஊர் திரும்பியபோது, ஊரே கொள்ளை நோயில் அழிந்து கிடக்கக் கண்டவர். அந்த ஊர் இருந்த இடத்தில்தான் வந்தவர்கள் பிளிமத் என்னும் குடியிருப்பை அமைத்தனர்.

1621-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்தது. நால்வர் பறவை வேட்டைக்குச் சென்றனர். வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாய்ட் ஏறத்தாழத் தொண்ணூறு ஆடவருடன் வந்தார். மூன்று நாள் விருந்து நடந்தது. விருந்தினர் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்தனர். எட்வர்டு வின்சுலோ அவ்வாண்டு டிசம்பரில் எழுதிய மடலில் இவ்விருந்து பற்றி இருப்பவை சில வரிகளே. ‘நன்றி நாள்’ என்ற சொல் அதில் இல்லை. வான்கோழியின் பெயர் இல்லை. பறவைகள் என்று மட்டுமே உள்ளது. பரங்கிப் ‘பை’ இருந்திருக்க வழியே இல்லை. அந்தச் சமயத்தாருக்கு நன்றி நாள் என்பது வழிபாட்டு நாளேயன்றி விருந்து நாள் அன்று.

ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், 1841-இல், அலெக்சாண்டர் யங் என்பவர் பழைய ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபோது வின்சுலோவின் அவ்வரிகளுக்கு ஓர் அடிக்குறிப்பு எழுதி, இதுவே முதல் நன்றி நாள் என்றார். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்று வருந்தும் ஆய்வாளர்க்கு இது பெரிய ஆறுதல்.

அடிக்குறிப்புக்கு முன்பே ஒரு புதினம் வந்துவிட்டது. நியூ ஆம்சயரில் 1788-இல் பிறந்த சாரா ஜோசபா ஹேல், 1822-இல் கணவரை இழந்து ஐந்து குழந்தைகளுடன் நின்றவர். எஞ்சிய வாழ்நாள் முழுதும் கறுப்பாடையே உடுத்தவர். எழுத்தே அவருக்கு உழவாயிற்று. 1827-இல் அவர் எழுதிய ‘நார்த்வுட்’ என்னும் புதினத்தில் நன்றி நாள் விருந்துக்கென ஓர் இயலே உண்டு. மேசையின் தலையிடத்தில் வான்கோழியை அமர்த்தியவர் அவர். நம் மழலையர் வகுப்புகள் வரை வந்துவிட்ட மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டை எழுதியவரும் அவரே. பின்னர் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்னும் மகளிர் இதழுக்கு 1837 முதல் 1877 வரை ஆசிரியராக இருந்து, வான்கோழிப் பூரணமும் பரங்கிப் பையும் செய்யும் முறைகளை வெளியிட்டதோடு, நாடு முழுதும் ஒரே நாளில் நன்றி நாள் வேண்டும் என்று ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் பல்லாண்டுகள் மடல் எழுதினார். 1863 செப்டம்பர் 28-ஆம் நாள் ஆபிரகாம் லிங்கனுக்கு எழுதினார். நாடு உள்நாட்டுப் போரில் இரண்டாகக் கிழிந்திருந்த நேரம் அது. அக்டோபர் 3-ஆம் நாள் லிங்கனின் அறிவிப்பு வெளிவந்தது. நவம்பர்க் கடைசி வியாழன் நன்றி நாளாயிற்று. ஒரு பத்திரிகையாசிரியரின் பிடிவாதம் நாள்காட்டியில் ஏறிய வரலாறு இது. (1939-இல் கடை வாணிகத்துக்காக ரூசுவெல்ட் அந்நாளை ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளியதும், மாநிலங்கள் இரு பிரிவாக இரண்டு நாளில் கொண்டாடியதும், 1941-இல் சட்டம் நான்காம் வியாழனை உறுதி செய்ததும் வேறு கதை.)

சிறுவர் பாட்டைத் தந்தவர் லிடியா மரியா சைல்டு. பனிவண்டியில் ஆற்றைக் கடந்து தாத்தா வீட்டுக்குச் செல்லும் சிறுவனின் நன்றி நாள் பாட்டை 1844-இல் வெளியிட்டார். இன்று பலர் அதைக் கிறித்துமசுப் பாட்டென்றே பாடுகின்றனர்; தாத்தா வீடு பாட்டி வீடாகியும் விட்டது. வாய்மொழியில் புகுந்த பாட்டுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறில்லை. ஆனால் இந்த அம்மையார் வெறும் சிறுவர் கவிஞர் அல்லர். 1824-இல் வெளிவந்த அவருடைய முதல் புதினம் ‘ஹோபோமோக்’ பழங்குடி மனிதர் ஒருவரின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. 1833-இல் அடிமை முறையை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். அதன் விளைவாக அவர் நடத்திய சிறுவர் இதழின் சந்தாதாரர்கள் விலகினர். 1834-இல் அவர் ஆசிரியப் பொறுப்பிலிருந்து இறங்க நேர்ந்தது. அந்த நாற்காலியில் அடுத்து அமர்ந்தவர் சாரா ஹேல். அடிமை முறை பற்றிய பூசலைத் தம் இதழ்ப் பக்கங்களில் நுழையவிடாத ஹேலுக்கு நாடெங்கும் வாசகர்கள். அதைப் பேசிய சைல்டுக்கு இழப்பு. 1868-இல் பழங்குடியினரின் உரிமைக்காகவும் சைல்டு ஒரு முறையீட்டு நூல் எழுதினார். அவருடைய எழுத்துகளுள் மக்கள் நாவில் நின்றது எது? பனியும் குதிரையும் பலகாரமும் நிறைந்த பாட்டு நின்றது. அப்பந்திக்கு முதல் விதை தந்தவர்களுக்காக எழுதிய முறையீடு நூலக அடுக்கில் தங்கிவிட்டது. இதற்குப் பாட்டைக் குறை சொல்லுதல் பொருந்தாது. எதை நினைவில் வைத்துக்கொள்வது என்று தேர்ந்தது கேட்டவர்களின் காது.

விட்டவை சிறியன அல்ல. 1621-இல் விருந்துண்ட மாசசாய்ட்டின் மகன் மெட்டாகோம் 1676-இல் குடியேறியவர்களுடன் நடந்த போரில் கொல்லப்பட்டார். அவர் தலை அதே பிளிமத்தில் கழுமரத்தில் பல்லாண்டுகள் நிறுத்தப்பட்டிருந்தது. தந்தை விருந்துண்ட ஊரில் மகனின் தலை. அடிக்குறிப்பும் புதினமும் சிறுவர் பாட்டும் இதைத் தொடவில்லை.

இதைத் தொட்ட ஓர் உரை, மேடையேறாமலே தடுக்கப்பட்டது. 1970-இல், குடியேற்றத்தின் 350-ஆம் ஆண்டு நிறைவையொட்டி மாசசூசெட்சில் நடந்த விருந்தில் பேசுமாறு வாம்சட்டா பிராங்க் ஜேம்ஸ் அழைக்கப்பட்டார். அவர் அக்குவின்னா ஊர் வாம்பனோவாக் மரபினர், இசையாசிரியர். உரையை முன்கூட்டியே காட்டுமாறு கேட்ட அமைப்பாளர்கள் அதைக் கண்டு திகைத்தனர். புதைத்த சோளமும் தோண்டப்பட்ட கல்லறைகளும் அதில் இருந்தன. விழா உடன்பிறப்புணர்வுக்கானது என்று கூறி, தாங்களே எழுதிய வேறோர் உரையை அவர் கையில் தந்தனர். பிறர் எழுதிய நன்றியைத் தம் வாயால் சொல்ல அவர் மறுத்தார். அவ்வாண்டு நன்றி நாளன்று, பிளிமத்தில் கோல்ஸ் குன்றின்மேல், மாசசாய்ட்டின் சிலையருகே நின்று கூடியிருந்தோரிடம் பேசினார். அன்று முதல் ஆண்டுதோறும் அதே நாளில் அதே குன்றில் பழங்குடி மக்கள் கூடி அந்நாளைத் தேசியத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றனர். விருந்தில் நிகழ்ந்திருந்தால் அவ்வுரை கைதட்டலோடு முடிந்திருக்கும். தடுத்தமையால் அரை நூற்றாண்டைக் கடந்தும் ஒலிக்கிறது.

அம்மக்களின் மொழிக்கு நேர்ந்ததும் இந்த அவைக்குரிய செய்தியே. வாம்பனோவாக் மொழி நூறாண்டுக்கு மேலாகப் பேசுவோர் எவருமின்றி இருந்தது. 1663-இல் அம்மொழியில் முழு விவிலியம் அச்சாகியிருந்தது. அமெரிக்க மண்ணில் அச்சேறிய முதல் முழு விவிலியம் அதுவே. மதம் மாற்றவென்று அச்சிட்ட அந்நூலும், அம்மக்கள் தம் மொழியில் எழுதி வைத்த நில ஆவணங்களும் மடல்களும் எஞ்சியிருந்தன. ஜெசி லிட்டில் டோ பேர்டு என்னும் வாம்பனோவாக் பெண்மணி 1993-இல் இவற்றைக்கொண்டு மொழியை மீட்கத் தொடங்கினார். அதற்காகவே மொழியியல் பயின்றார். அவர் மகள் அம்மொழியைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தாள். பல தலைமுறைகளுக்குப் பின் அப்படி வளர்ந்த முதல் குழந்தை அவள்.

நன்றி விருந்து அம்மக்களுக்குப் புதிதன்று. கோடையின் தொடக்கத்தில் ஸ்ட்ராபெரி பழுக்கும்போது அவர்களுக்கு ஒரு நன்றி விருந்து உண்டு. பிராங்க் ஜேம்சின் அக்குவின்னாவில் அக்டோபர் இரண்டாம் செவ்வாய் கிரான்பெரி நாள். அன்று பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. முதியோரோடு கடலோரத்துச் சதுப்பு நிலத்துக்குச் சென்று, நவம்பர்ப் பந்தியில் துவையலாகும் அதே புளிப்புச் செங்கனியைப் பறிக்கின்றனர்.