வேகம் குறையலாம், தாளம் குலையக் கூடாது

முதுமையும் உடல்நலமும் பற்றிய இந்தக் கருத்தரங்கில் கோல்ஃப் குறித்துப் பேச வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். வயது 66, முப்பது ஆண்டுகளாக வார இறுதியில் விளையாடி வருபவன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மகனோடு திடலுக்குப் போனேன். அவன் அடித்த பந்து என் பந்தைத் தாண்டி வெகுதூரம் போய் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த பந்தை முழு பலத்தோடு அடித்தேன். பந்து மரங்களுக்குள் போனது. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் மட்டையைத் தொடவில்லை. விளையாட்டையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தவறு எங்கே? வயதாக ஆக, விரைந்து இயங்கும் தசைநார்கள்தான் அதிகம் மெலிகின்றன. எனவே வலிமையைவிட வேகம் சீக்கிரம் குறைகிறது. மேல்முதுகும் இடுப்பு மூட்டும் முன்போல் திரும்புவதில்லை. அந்தக் குறையைக் கீழ்முதுகு சுமக்கிறது, வலி வருகிறது.

நல்ல வீச்சில் ஓர் ஒழுங்கு உண்டு. மட்டையை இறக்கும்போது முதலில் இடுப்பு திரும்பும், பிறகு மார்பு, பிறகு கைகள், கடைசியில் மட்டை. நேரத்திலும் கணக்கு உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் மட்டையைத் தூக்க மூன்று பங்கு நேரம் எடுத்தால், இறக்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கு சுமார் கால் வினாடி. இடையில் யோசித்துத் திருத்த முடியாது. போன வேகத்தை மீட்க நினைத்து நாம் கைகளை அவசரப்படுத்துகிறோம். இடுப்புக்கு முன் கை வந்துவிடுகிறது. ஒழுங்கும் போகிறது, தூரமும் போகிறது.

டாம் வாட்சனைப் பாருங்கள். 2008 அக்டோபரில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. 2009 ஜூலையில், 59 வயதில், ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் கடைசிக் குழி வரை முன்னிலையில் இருந்தார். அங்கே ஓர் அடி கூடுதலாகி, கூடுதல் ஆட்டத்தில் 36 வயது ஸ்டீவர்ட் சிங்கிடம் தோற்றார். கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் இளைஞர்களின் தூரத்தை அவர் துரத்தவில்லை. தம் தாளத்தைக் காத்துக்கொண்டார்.

நம்மைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்? ஆடுமுன் பத்து நிமிடம் உடலைச் சூடுபடுத்துங்கள். வலக்கை ஆட்டக்காரர் மட்டையைத் தூக்கும்போது இடது குதிகால் சற்று எழட்டும். ஜாக் நிக்லஸ் அப்படித்தான் ஆடினார். இடுப்பு எளிதாகத் திரும்பும். வீச்சைச் சுருக்குங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' என எண்ணித் தூக்கி, 'நான்கில்' அடியுங்கள். எடை குறைந்த, வளைந்து கொடுக்கும் தண்டுள்ள மட்டை நல்லது. முன்னால் உள்ள தொடக்க இடத்திலிருந்து ஆட வெட்கப்படாதீர்கள். முதுகுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இன்றும் ஞாயிறுதோறும் மகனோடு போகிறேன். என் பந்து பின்னால்தான் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் நேராக விழுகிறது. பதினெட்டுக் குழியும் அவனோடு நடக்கிறேன். எனக்கு அது போதும்.