நாடி தளர்ந்த கை
(திரிங்காப் தேயிலைத் தோட்ட மக்களிடையே நாம் ஆற்றிய உரை)



கொழுந்து பறிக்கும் கையும் பால்மரம் சீவும் கையும் மாலையில் வலிப்பது இயல்பு. உறங்கி எழுந்தால் அவ்வலி நீங்கும். ஆனால், இளம்பெண்ணொருத்தியின் ஒரு கை மட்டும் வேலை தொடங்கிய சிறிது நேரத்திலேயே சோர்ந்து, ஓய்ந்ததும் தேறி, மீண்டும் சோருமாயின், அதனைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாகாது. அது இரத்தக்குழாய் அழற்சியாகவும் இருக்கலாம்.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காப்பாற்றல், சிலருக்குத் தம் இரத்தக்குழாய்களையே தாக்குகிறது. குழாயின் சுவர் தடித்து, வழி குறுகுகிறது. இது தொற்றுநோயன்று.

இதில் ஒருவகையை ஜப்பானியக் கண் மருத்துவர் தக்காயாசு 1908இல் எடுத்துரைத்தார். நாடியற்ற நோய் என்றும் அதனைக் கூறுவர். ஆசியப் பெண்களை, பெரும்பாலும் 40 வயதுக்குள், இது பற்றுகிறது. தமிழகத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர்.

முதலில் விடாத இளங்காய்ச்சல், உடல் மெலிவு, மூட்டுவலி தோன்றலாம். பின்னர் ஒரு மணிக்கட்டில் நாடி தளரும், தலைசுற்றும். நோயுற்ற கையில் மட்டும் இரத்த அழுத்தம் பார்த்தால் அளவு குறைவாகவே காட்டும். உண்மையான உயர் அழுத்தம் மறைந்துவிடும். ஆகவே, இரு கைகளிலும் அளக்குமாறு கேளுங்கள்.

சிறு குழாய்களைப் பற்றும் வகைகளும் உள. அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகள் காலில் தோன்றுதல், பாதம் மரத்துத் தொங்குதல், சிறுநீரிலோ சளியிலோ இரத்தம் காணுதல் ஆகியன அவற்றின் அறிகுறிகள். 50 வயதைக் கடந்தோர்க்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலியும், மெல்லும்போது தாடைவலியும், பார்வை மங்கலும் வந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது, கண்ணொளியே பறிபோகக்கூடும்.

ஒரே சோதனையால் இந்நோயை உறுதிசெய்ய இயலாது. சிறுநீர், இரத்தம், ஸ்கேன், சிலவேளை சிறு தசைத்துணுக்கு ஆகியவற்றைச் சோதிப்பர். காசநோய் போன்ற தொற்று உண்டா என்றும் ஆராய்வர்; அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பனவாதலின் இது இன்றியமையாதது.

கண்ணுக்கு ஒருநாள், காலுக்கு ஒருநாள் என்று தனித்தனியே மருந்து வாங்கினால் நோய் பிடிபடாது. எல்லாக் குறைகளையும் ஒருங்கே மருத்துவரிடம் கூறுங்கள். இங்குள்ளோர் தானா ராத்தா அரசாங்க மருத்துவமனையை நாடலாம். ஏனைய தோட்டத்தார் தத்தம் மாவட்ட மருத்துவமனைக்குச் செல்லலாம். தரப்படும் மாத்திரைகளை, உடல் தேறிவிட்டது என்று எண்ணி, நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

உழைக்கும் கையே குடும்பத்தின் முதல். அது தளரும்போது காரணத்தைக் கேட்டறிவது நம் கடமையாகும்.