வாத்துக் குஞ்சும் வீட்டுப் பிள்ளையும்



தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் திருமானூர் பக்கம் கொள்ளிடக் கரை வயல்களில் வாத்து மந்தை இறங்கும். சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கிக்கொண்டு அது போகிற அழகைப் பார்த்த பிள்ளை சும்மா இருக்குமா? "எனக்கு ரெண்டு குஞ்சு வேணும்"னு அடம் பிடிக்கும். பெரம்பலூர் பக்கத்து மேட்டாங்காட்டு வீடுகளிலும் சந்தையில் குஞ்சு வாங்கி வந்து முற்றத்தில் விடுவது உண்டு. வளர்க்கட்டும், தப்பில்லை. குஞ்சு பிழைக்க வேண்டும், பிள்ளைக்கும் நோவு வரக்கூடாது. அதற்கு என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலில் தண்ணீர். வாத்துதானே என்று வந்த அன்றே தொட்டியில் நீந்த விடாதீர்கள். தாயில்லாக் குஞ்சின் பூமயிர் நனைந்தால் உடம்பு விறைத்துச் செத்துப் போகும். அதே சமயம், மூக்கு முழுகும் அளவுக்காவது தண்ணீர் இல்லாவிட்டால் தீனி அப்பி மூக்கும் கண்ணும் அடைத்துக்கொள்ளும். அகலமான மண் சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வையுங்கள். குஞ்சு குடிக்கும், உள்ளே இறங்காது.

குஞ்சு வளர்ந்த பிறகு அண்டாவிலோ சிமெண்டுத் தொட்டியிலோ தண்ணீர் நிரப்பி விடுவீர்கள். இங்கேதான் ஆபத்து. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தலைதான் பாரம். வாத்தை எட்டிப் பார்க்கிறேன் என்று குப்புற விழுந்தால் நாலு விரற்கடைத் தண்ணீரே போதும், மூச்சு நின்றுவிடும். சத்தமும் கேட்காது. வாத்து நீந்தும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நீந்தி முடிந்ததும் தண்ணீரை வாழைக்கோ முருங்கைக்கோ ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். கொத்தமல்லிப் பாத்திக்கு மட்டும் வேண்டாம், அதைப் பச்சையாகத் தின்கிறோம் அல்லவா?

காரணம், வாத்தின் எச்சத்தில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். இது டைபாய்டு கிருமியின் இனத்தைச் சேர்ந்தது. குஞ்சு நல்லா துள்ளிக்கொண்டுதான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைக்கோ காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து ஆளைச் சாய்த்துவிடும். அதனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பார்க்கட்டும், தொட வேண்டாம். பெரிய பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையிலும் ஏந்தலாம். இறுக்கக் கூடாது, முத்தம் கொடுக்கக் கூடாது. கீழே விட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் அலசுவது கை கழுவுவது ஆகாது. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் குஞ்சைத் திண்ணைக்கும் அடுப்படிக்கும் ஏற விடாதீர்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில், "வீட்டில் வாத்துக் குஞ்சு இருக்கு" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. முதல் வாரம் சுமார் 32 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் பகலில் எதுவும் தேவைப்படாது. பனிக்கால ராத்திரியில்தான் விளக்கு வேண்டும். இப்போது எல்லார் வீட்டிலும் எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தருமே தவிர குஞ்சுக்குச் சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், வைக்கோலில் படாமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். குஞ்சுகள் விளக்கடியில் அப்பிக் கிடந்தால் குளிர்கிறது, விலகி வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

தீனியில் ஒரு எச்சரிக்கை. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் "வாத்துதானே தின்னட்டும்" என்று போடுகிறவர்கள் உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன, வாத்துக் குஞ்சுகளும் செத்தன. என்ன நோய் என்று தேடினால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூசண நஞ்சு! அதற்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். வேக வைத்தாலும் போகாது. கோழியைவிட வாத்துக் குஞ்சை அது சீக்கிரம் கொல்லும். மக்காச்சோளம் ஏராளமாக விளைகிற பெரம்பலூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெறும் சோறும் நொய்யும் போட்டாலும் சத்துக் குறைந்து கால் வளைந்துவிடும். கோழிக்குஞ்சுத் தீவனத்தோடு கொஞ்சம் தவிடு சேர்த்து ஈரமாகப் பிசைந்து வையுங்கள். மீந்ததை அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

கரைவெட்டி ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1999-ல் சரணாலயமாகி, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த ஏரி அது. பனிக்காலத்தில் இமயமலை தாண்டி வரித்தலை வாத்து அங்கே வருகிறது. பார்த்து ரசியுங்கள், வீட்டு வாத்தை அவற்றோடு கலக்க விடாதீர்கள். காட்டு நீர்ப்பறவைகள் பறவைக் காய்ச்சலைச் சுமந்து வரலாம். 2014-ல் கேரளத்தில் குட்டநாட்டு வாத்துகளை அந்த நோய் வாரிக்கொண்டு போனது. வாத்துகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், வெறுங்கையால் எடுக்காதீர்கள், கறியும் ஆக்காதீர்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.